கேம் கடை மூடப் போகிறது, எட்டு வருட வேலை வீண்தானா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு வீடியோ கேம் கடையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டிஸ்க் விற்பது, பழைய டிஸ்க் வாங்குவது, கன்சோல் ரிப்பேர், பின்னால் மூன்று டிவி போட்டு மணிக்கணக்கில் ஆட விடுவது, எல்லாம் நான்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு கடை எழுந்திருக்கவே இல்லை. இந்த மாதத்தோடு மூடுகிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு வயது 29. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கேம் கம்பெனியில் சேர வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. ஒரு பயிற்சி நிறுவனத்தில் இரண்டரை லட்சம் கேட்கிறார்கள், நகையை அடகு வைத்துக் கட்டலாம் என்கிறாள் அம்மா. மாமாவின் பாத்திரக் கடைக்குப் போகச் சொல்கிறார் அப்பா. எட்டு வருடம் வீணாகப் போய்விட்டதோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்:

தம்பி, முதலில் நகை விஷயம். அடகு வைக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், மீதியை நிதானமாகப் பேசலாம்.

நானும் இந்தப் பக்கத்து ஆள்தான், அம்பாசமுத்திரம். கேம் துறைக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, எல்லாம் டெஸ்டிங் பக்கம், அதாவது கேமில் இருக்கும் கோளாறுகளைத் தேடிப் பிடிக்கிற வேலை. 2009-ல் பெங்களூரில் ஒன்பதாயிரம் ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். இப்போது ஊரில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டு ஸ்டுடியோவுக்கு டெஸ்டிங் குழுவை நடத்துகிறேன். ஆள் எடுக்கிற நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால்தான் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

கடை மூடுவதற்கு உங்கள் முதலாளியைக் குறை சொல்லாதீர்கள், உங்களையும் சொல்லிக்கொள்ளாதீர்கள். வெள்ளம் கடைசியாகத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். சுவர் முன்பே இற்றுப் போயிருந்தது. பிரிட்டனில் ‘கேம்’ என்றே பெயர் வைத்த பெரிய கடைத்தொடர் 2012 மார்ச்சில் திவால் நிலைக்குப் போய் 277 கடைகளை இழுத்து மூடியது. அமெரிக்காவின் கேம்ஸ்டாப் 2024 நிதியாண்டில் அந்த நாட்டில் மட்டும் 590 கடைகளை மூடியது. அவர்களிடம் இல்லாத முதலா, இடமா? கேம் கடையின் கணக்கு உங்களுக்கே தெரியும், புது டிஸ்கில் கடைக்காரர் கையில் நிற்பது சொற்பம், ஆடி முடித்த பழைய டிஸ்கைக் குறைந்த விலைக்கு வாங்கி இன்னொருவருக்கு விற்பதில்தான் வாடகையும் சம்பளமும் வரும். 2003-ல் ஸ்டீம் என்ற இணையத் தளம் வந்தது, கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் கேமை டிஸ்க் இல்லாமல் விற்க ஆரம்பித்தது. 2020-ல் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) கன்சோல் வந்தபோதே டிஸ்க் போடும் இடமே இல்லாத ஒரு மாடலும் கூட வந்தது. டிஸ்கே இல்லை என்றால் பழைய டிஸ்கும் இல்லை, அதை வாங்கி விற்கும் கடையும் இல்லை.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிஎஸ் 2 காலத்தில் காப்பி டிஸ்க் ஓடுவதற்காகச் சிப் போட்ட கன்சோலும் அந்தக் காப்பி டிஸ்கும்தான் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு கேமைக் காட்டியது, நானே அப்படித்தான் பார்த்தேன், அதை மறைப்பதில் பொருள் இல்லை. அப்புறம் 2016-ல் ஜியோ வந்து டேட்டா கொட்டிக் கிடந்தது, 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது. மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து உங்கள் கடையில் வரிசையில் நின்ற பையன் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு சும்மாவே ஆடினான். அதனால் மதுரையிலோ சென்னையிலோ வேறு கேம் கடையில் இடம் கிடைக்குமா என்று தேட வேண்டாம், அங்கேயும் இதேதான் நடக்கும், கொஞ்சம் தாமதமாக.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், வாடிக்கையாளர்கள் எப்படியெல்லாம் உயிரை வாங்குவார்கள் என்று சொல்வதற்காக ஒரு சம்பவம் எழுதியிருந்தீர்கள். மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் உங்களிடம் வாங்கிய ஃபுட்பால் கேம் டிஸ்கைத் திருப்பிக் கொண்டுவந்து, இரண்டாவது சீசன் தொடங்கும்போது ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறது, காசைத் திருப்பிக் கொடு என்று சண்டை போட்டது. நீங்கள் டிஸ்கைத் துடைத்துக் கடை கன்சோலில் போட்டீர்கள், நன்றாக ஓடியது. சரி, அவன் கன்சோலையே கொண்டுவரச் சொல்லி அதில் அதே கேமின் வேறு டிஸ்கைப் போட்டீர்கள், அதே இடத்தில் நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் நிரம்பிக் கிடந்தது. ஆடாமல் கிடந்த ஒரு பழைய கேமை அழித்தீர்கள், ஆட்டம் ஓடியது. சந்தேகம் தீர மறுபடி நிரப்பிப் பார்த்தீர்கள், மறுபடி நின்றது.

தம்பி, இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். டெஸ்டிங் வேலை கேட்டு வருகிறவர்களில் பாதிக்கு மேல் ‘எனக்கு கேம் என்றால் உயிர், தினமும் எட்டு மணி நேரம் ஆடுவேன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு கோளாறை ஒவ்வொரு காரணமாகக் கழித்துக் கழித்து, கடைசியில் மிஞ்சியதைப் பிடித்து, சொன்னபோதெல்லாம் அதைத் திரும்ப நடத்திக் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மறுபடி நிரப்பிப் பார்த்தீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் கடிதத்தைக் கீழே வைத்தேன். அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அதை எழுதத் தெரிவதுதான் பாக்கி. இதே சம்பவத்தை ஒரு டெஸ்டர் எப்படி எழுதுவார் என்று காட்டுகிறேன். தலைப்பு ஒரே வரி: ‘ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருந்தால் இரண்டாம் சீசன் சேமிக்கும் இடத்தில் ஆட்டம் உறைகிறது.’ அடுத்து கேமின் எந்தப் பதிப்பு, எந்தக் கன்சோல், அதன் மென்பொருள் எந்தப் பதிப்பு. அடுத்து படிப்படியாக: ஹார்ட் டிஸ்கை நிரப்பு, கேமைத் திற, முதல் சீசனை முடி, இரண்டாவதைத் தொடங்கு. என்ன நடந்தது: திரை உறைந்தது, சத்தம் மட்டும் கேட்கிறது, கன்சோலை அணைத்துத்தான் வெளியே வர முடிந்தது. என்ன நடந்திருக்க வேண்டும்: ‘இடம் போதவில்லை’ என்று செய்தி வந்து ஆட்டக்காரனுக்கு வழி காட்டியிருக்க வேண்டும். எத்தனை தடவைக்கு எத்தனை தடவை: ஐந்துக்கு ஐந்து. ஒரு வீடியோ துண்டு. முடிந்தது. உணர்ச்சி வேண்டாம், யார் மீதும் பழி வேண்டாம், ‘கேம் சரியில்லை’ என்ற வார்த்தையே வரக்கூடாது. உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் ஒரு புரோகிராமர் அதைப் படித்து, உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், தன் மேஜையிலேயே அந்தக் கோளாறை வரவழைத்துப் பார்க்க முடிய வேண்டும்.

இது ஆங்கிலத்தில் எழுத வேண்டியது, உண்மைதான். தமிழ் மீடியம் என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது, நானும் தமிழ் மீடியம்தான். இந்த எழுத்துக்கு வேண்டிய சொற்கள் இருநூறு இருக்கலாம், சின்னச் சின்ன வாக்கியம் போதும். பேச்சு ஆங்கிலம் இன்டர்வியூவில் கொஞ்சம் உதைக்கும், ஆனால் சரியாக எழுதப்பட்ட பத்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிறவரைத் திக்கிப் பேசுகிறார் என்று நான் திருப்பி அனுப்பியது கிடையாது. 29 வயது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து, துறையின் நிலைமை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. அடுத்த மாதம் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு ஏறத்தாழ 900 பேரை அனுப்பியது. பாதி உலகம் கேம் செய்யப் பயன்படுத்தும் யூனிட்டி என்ற கருவியைச் செய்கிற நிறுவனமே அதே ஜனவரியில் 1,800 பேரை நிறுத்துவதாக அறிவித்தது. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டில் இருந்து ஆடியதைப் பார்த்து, இது இப்படியே ஏறும் என்று நம்பி அளவுக்கு மேல் ஆள் எடுத்தார்கள். இறங்கியதும் கழித்துக் கட்டினார்கள். அந்த வருடம் நான் இருந்த நிறுவனத்திலும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினைந்து நிமிட வீடியோ கூட்டத்தில் எங்கள் குழுவையே கலைத்தார்கள், ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் என் மெயில் பெட்டி திறக்கவில்லை, பத்து வருடம் பழகியவர்களின் நம்பர் கூட அதற்குள் மாட்டிக்கொண்டது. கடையை மூடுவதற்கு முன்னாலேயே உங்களிடம் சொல்லிவிட்ட முதலாளி எவ்வளவோ மேல்.

ஆக, நீங்கள் போகும்போது வெளியே வேலை கேட்டு நிற்பவர்களில் அனுபவசாலிகளும் இருப்பார்கள். முதல் வேலை பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருட ஒப்பந்தமாக இருக்கும், கேம் வெளியானதும் முடிந்துவிடும். தெரிந்தே போங்கள்.

இந்தியாவில் ‘கேமிங் கம்பெனி’ என்று பலகை வைத்தவர்களில் நிறையப் பேர் ரம்மி, ஃபேன்டசி கிரிக்கெட் என்று பணம் கட்டி ஆடவைத்தவர்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்தது, அதில் பெரும் சம்பளத்தில் இருந்த பலர் தெருவுக்கு வந்தார்கள். அதனால் வேலை விளம்பரத்தைப் பார்த்ததும் சம்பளத்துக்கு முன்னால் அந்த நிறுவனம் என்ன கேம் செய்கிறது, அந்த கேமுக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று பாருங்கள். சூதாட்டத்தில் வீட்டை இழந்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு, அந்த வேலைக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை.

சரி, எங்கே தேடுவது? சென்னையைவிட பெங்களூரு, புனே, ஹைதராபாத். பெங்களூரில் ராக்ஸ்டார், ஜிங்கா, புனேயில் யூபிசாஃப்ட், ஹைதராபாத்தில் ஈஏ என்று பெரிய ஸ்டுடியோக்களின் கிளைகள் இருக்கின்றன. அதைவிட முக்கியம், மற்றவர்களின் கேமை வாங்கி டெஸ்ட் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள், பெங்களூரில் போல் டு வின், புனேயில் குளோபல்ஸ்டெப் மாதிரி. புதியவர்களுக்குக் கதவு திறப்பது அங்கேதான் அதிகம், என் கதவும் அந்த மாதிரி இடத்தில்தான் திறந்தது. ஆட்டக்காரர்களின் புகாருக்குப் பதில் சொல்லும் ‘பிளேயர் சப்போர்ட்’ வேலையையும் விடாதீர்கள். காசைத் திருப்பிக் கொடு என்று கத்துகிறவனை எட்டு வருடம் சமாளித்தவர் நீங்கள். நவம்பர் வாக்கில் இந்திய கேம் டெவலப்பர் மாநாடு நடக்கும், கையில் காட்ட ஏதாவது இருந்தால் ஒரு தடவை போய் வாருங்கள், வெறுங்கையோடு போவதில் பிரயோஜனம் இல்லை.

அந்த இரண்டரை லட்சம் பயிற்சிக்கு வருகிறேன். எல்லாப் பயிற்சி நிலையமும் மோசம் என்று சொல்லமாட்டேன். வரைகலைதான் உங்கள் வழி என்றால் ஒரு குருவிடம் உட்கார்ந்து கை பழகுவது உண்மையிலேயே உதவும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும். ஆனால் டெஸ்டிங்குக்கு இரண்டரை லட்சம் கொடுத்து வாங்க வேண்டிய சான்றிதழ் எதுவும் இல்லை. ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று அவர்கள் சொன்னால், போன வருடம் படித்து கேம் கம்பெனியில் வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அலுவலகத்தில் உட்காரவைத்துப் பேசவைப்பது கணக்கில் வராது, நீங்கள் தனியாக போனில் பேச வேண்டும். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

காசு செலவழிக்காமல் கற்கக் கோடோ (Godot) என்ற கேம் செய்யும் கருவி போதும். இலவசம், உங்களிடம் இருக்கும் பழைய லேப்டாப்பிலேயே ஓடும். அதில் ஒரே ஒரு சின்ன கேமை முழுதாக முடியுங்கள். பெரிய சண்டை, பெரிய நகரம் எதுவும் வேண்டாம். உங்கள் ஆச்சிக்குப் பல்லாங்குழி தெரிந்திருக்கும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து. ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார். இப்போது ஆச்சியிடம் கேளுங்கள்: நான்காவதாக விழுவது கையில் இருந்த கடைசி முத்தாகவே இருந்தால்? பசுவை எடுத்த பிறகு ஆட்டம் தொடருமா, கை மாறுமா? ஆச்சி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு ஆச்சி வேறு சொல்வார், இரண்டு பேரும் அடித்துப் பேசுவார்கள். கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லியாக வேண்டும். இப்படி விதி முட்டிக்கொள்ளும் மூலைகளைத் தேடிப் போவதுதான் டெஸ்டரின் வேலை, புளியமுத்தை வைத்துக்கொண்டே அதைப் பழகலாம்.

கேமில் தமிழ் எழுத்தைப் போடுங்கள். பல கருவிகளில் தமிழைத் தட்டினால் கொம்பு இடம் மாறும். ‘கேம்’ என்று அடித்தால் இரட்டைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், தமிழ் தெரியாத டெஸ்டர் அதைப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று டிக் அடித்துவிடுவார். கோடோ 4 இதைச் சரியாகக் காட்டும், மற்றவற்றில் எங்கே உடைகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டொரான்டோவில் ஒரு சின்னக் குழு 2023-ல் ‘வெண்பா’ என்று ஒரு கேம் வெளியிட்டது, கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் கதை, இட்லி அவிப்பதே ஒரு புதிர். 2024-ல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. நம் வீட்டு அடுப்படியை உலகம் ஆடிப் பார்க்கும் என்று என் தலைமுறை நினைத்ததில்லை.

முடித்த கேமை இட்ச் (itch.io) என்ற இணையதளத்தில் சும்மாவே ஏற்றலாம். கூகுள் பிளேயில் போட ஒரே தடவை 25 டாலர். புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க விடுவார்கள், தனியாக உட்கார்ந்து கேம் செய்கிறவர்களுக்கு அந்த 12 பேரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. உங்கள் கடை வாட்ஸ்அப் குரூப்பில் முந்நூறு பையன்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலாளியிடம் கேட்டு அந்தக் குரூப்பை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் இருந்து எடுத்துப் போக அதைவிடப் பெரிய சொத்து எதுவும் இல்லை.

இடைப்பட்ட காலத்துக்குச் சோறு? வெள்ளத்தில் நனைந்த பதினொரு கன்சோலைப் பிரித்து, போர்டை ஸ்பிரிட் தொட்ட பிரஷால் துடைத்துக் காயவைத்து, ஏழுக்கு உயிர் கொடுத்தவர் நீங்கள். கடை மூடினாலும் ஊரில் கன்சோல்கள் இருக்கும், கன்ட்ரோலர் குச்சி தேயும், ஃபேனில் தூசி அடையும். வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போடுங்கள். அது போதாது என்றால் மாமா கடைக்கும் போங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் அப்பாவிடம் ஒரு தேதி சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த ஆனித் தேரோட்டம் வரை சாயங்காலமும் ஞாயிறும் என்னுடையது, அதற்குள் ஒரு கேமும் இருபது ரிப்போர்ட்டும் கையில் இல்லை என்றால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். தேதி சொன்னால் அப்பாக்கள் கேட்பார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லேயே அலுவலகம் போட்டது, கேம் இல்லைதான், ஆனால் டெஸ்டிங்கும் சப்போர்ட்டும் எந்த மென்பொருளுக்கும் வேண்டியது, அந்த மாதிரி இடங்களுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் முதலாளியிடம் என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று விவரமாக ஒரு அனுபவக் கடிதம் வாங்குங்கள், ‘சேல்ஸ்மேன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நிறுத்தும்போது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். உங்கள் முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார். கணக்குப் பார்க்கும்போது நாள் குறைந்தால் பக்குவமாகக் கேளுங்கள், சண்டை வேண்டாம், அவரும் வெள்ளத்தில் இழந்தவர்.

அந்த மேலப்பாளையத்துப் பையன் விஷயத்தை நான் காட்டிய வடிவத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். தப்பும் தவறுமாக இருந்தால் பரவாயில்லை. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன், இரண்டாவது ரிப்போர்ட்டில் இருந்து நீங்களே எழுதிவிடுவீர்கள்.